இரண்டாம் மொழியாகத் தமிழ்: கணினி, கைபேசி, செயலி குறித்த கேள்விகளும் பதில்களும்

தமிழ் அறியாத பெரியவர்களுக்கும், வெளிநாட்டில் வேறு மொழி பேசி வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். இப்பணியில் மின்கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு, என் அறிவுக்கு எட்டிய எல்லைக்குள் நின்று பதில் தருகிறேன்.

கேள்வி (வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை, டொராண்டோ): ஐயா, வணக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு ல, ள, ழ வேறுபாடு பிடிபடவே இல்லை. நான் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் மூன்றையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். கைபேசியை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், அம்மா. கைபேசியால் உண்மையான பயன் கிடைக்கும் இடங்களில் இது முதன்மையானது என்பேன். உங்கள் பிள்ளைகளின் நாக்கைத் திருத்துவதற்கு முன் அவர்களுடைய காதைப் பழக்க வேண்டும். காதில் மூன்றும் ஒன்றாக விழுந்தால், நாக்கு மூன்றையும் வேறுபடுத்த வழியே இல்லை.

ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளை, அதாவது நம் ர, ல போன்ற ஒலிகளை, வேறுபடுத்த இயலாத ஜப்பானியர்களுக்கு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் அளித்த செவிப்பயிற்சி 1991-இல் வெளியானது. ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கவைக்காமல், பலருடைய குரல்களில், பல சொற்களில், சொல்லின் வெவ்வேறு இடங்களில் அந்த ஒலிகளைக் கேட்கவைத்து, ஒவ்வொரு விடையும் சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிவித்தார்கள். கேட்டு உணரும் திறன் உயர்ந்தது. இவ்வழியில் 1997-இல் வந்த மற்றோர் ஆய்வில், வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி எதுவும் தராமலே உச்சரிப்பும் மேம்பட்டது கண்டறியப்பட்டது.

உங்கள் வகுப்பில் நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் அது ஒரே குரல்தான். பிள்ளைகள் உங்கள் குரலின் சாயலைப் பிடித்துக்கொள்கிறார்களே தவிர, ழகரத்தைப் பிடிக்கவில்லை. ஆகவே ஐந்தாறு பேரின் குரலைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அவர்களில் ஆண், பெண், முதியவர், சிறுவர் எல்லாரும் இருக்கட்டும். வலி, வளி, வழி. கலை, களை, கழை. பல்லி, பள்ளி என்ற வரிசைகள் போதும். பிள்ளை ஒலியைக் கேட்டு, இரண்டு அல்லது மூன்று எழுத்துகளில் ஒன்றைத் தொட வேண்டும். விடை உடனே தெரிய வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பதிவு செய்பவர் தாமே ழகரத்தை ளகரமாக ஒலிப்பவராக இருக்கலாம், தென்மாவட்டத்தார் பலரிடம் இது இயல்பு. அவர்கள் தமிழில் குறையேதும் இல்லை, ஆனால் இந்தப் பயிற்சிக்கு அக்குரல் உதவாது. அதேபோல் ர, ற வேறுபாட்டையும், ந, ன வேறுபாட்டையும் செவிப்பயிற்சியில் சேர்க்காதீர்கள். இன்றைய பேச்சில் பெரும்பாலோர் அவற்றை ஒலியால் வேறுபடுத்துவதில்லை, அவை எழுத்துப் பயிற்சிக்கு உரியவை.

கேள்வி (பெங்களூரு): என் மனைவி இந்தி பேசுபவர். தமிழ் கற்க எந்தச் செயலி சிறந்தது?

பதில்: செயலியின் பெயரைச் சொல்வதைவிட அதைச் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். அதிலுள்ள குரல்கள் மனிதக் குரல்களா, ஒன்றுக்கு மேற்பட்டவையா என்று பாருங்கள். கற்பிக்கப்படுவது பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்று அது தெளிவாகச் சொல்கிறதா என்று பாருங்கள். உங்கள் மனைவி அங்கே விடையைத் தேர்ந்தெடுக்க மட்டும் செய்கிறாரா, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லவும் வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலும் தேறாத செயலிக்குப் பணம் கட்ட வேண்டாம். தேறினாலும், நாளுக்குக் கால் மணி நேரம் நீங்கள் அவருடன் தமிழில் பேசாமல் எந்தச் செயலியாலும் பயன் இராது.

கேள்வி (லண்டன், ஒன்றரை வயதுப் பெண் குழந்தையின் தந்தை): நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். தமிழ்க் குழந்தைப் பாடல் காணொளிகளைத் தினமும் ஒரு மணி நேரம் போட்டுக் காட்டினால் குழந்தை தமிழ் கற்றுக்கொள்ளுமா?

பதில்: இந்த வயதில் கற்றுக்கொள்ளாது. பேட்ரிசியா கூலும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழி கேட்கவைக்கப்பட்டது. நேரில் ஒருவர் அமர்ந்து விளையாடிப் பேசிய குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தக் கற்றுக்கொண்டனர். அதே பேச்சைத் திரையில் கண்டவர்களும் ஒலிப்பதிவில் கேட்டவர்களும் எதையும் கற்கவில்லை.

ஆனால் திரை முழுவதையும் ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு வயதை எட்டிய குழந்தைகள், தமக்குப் பதிலளித்துப் பேசும் ஒருவரிடமிருந்து காணொளி அழைப்பு வழியாகப் புதிய சொற்களைக் கற்றதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பதில் பேசாத பதிவுக் காணொளி அப்பயனைத் தரவில்லை. எனவே ஊரிலுள்ள பாட்டி தினமும் இருபது நிமிடம் அழைக்கட்டும். குழந்தை கையில் வைத்திருக்கும் பொம்மையைப் பார்த்து, "அது யாரு, பாப்பாவா, பசிக்குதாமா அதுக்கு?" என்று அவர் கேட்கட்டும். அந்த ஒரு மணி நேரக் காணொளியைவிட இந்த இருபது நிமிடம் பெரிது.

கேள்வி (தமிழாசிரியர், சிங்கப்பூர்): பாடங்களுக்கு ஒலிப்பதிவு தயாரிக்கிறோம். எழுத்துத் தமிழில் படித்துப் பதிவு செய்வதா, பேச்சுத் தமிழிலா? சக ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

பதில்: உரையாடல் என்றால் பேச்சுத் தமிழ், செய்தியும் கதை வாசிப்பும் என்றால் எழுத்துத் தமிழ். இரண்டையும் ஒரே பதிவில் கலக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கு பற்றி, அதாவது ஒரே மொழியில் பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கு வேறொரு வடிவமும் இருப்பது பற்றி, எழுதியதிலிருந்து தமிழ் அதற்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டு வருகிறது. உங்கள் நாட்டிலேயே 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தரப் பரிந்துரைத்தது. இருந்தும் கடைக்காரரிடம் ஒரு சிறுவன் "இதன் விலை என்ன?" என்று கேட்கும் பதிவுகளை இன்றும் கேட்கிறேன். எந்தக் கடையிலும் எந்தச் சிறுவனும் அப்படிக் கேட்பதில்லை. "இது எவ்வளவு?" என்றுதான் கேட்பான். திரையில் "வந்துவிட்டார்கள்" என்று எழுத்து ஓட, காதில் "வந்துட்டாங்க" என்று விழும் பதிவு தொடக்க மாணவரை மேலும் குழப்பும். இரண்டையும் இணைத்துக் காட்டும் பாடத்தை இரண்டாம் ஆண்டில் தனியாக வையுங்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): மாணவர்களை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் எழுதப் பழக்கலாமா? எல்லாருக்கும் அதுவே எளிதாக இருக்கிறது.

பதில்: வேண்டாம். இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன். "நான்" என்று எழுத நினைக்கும் மாணவர் அச்சொல்லை ஆங்கில எழுத்துகளாக உடைக்கிறார். ந, ன, ண மூன்றும் அவர் மனத்தில் ஒரே ஆங்கில எழுத்தாகின்றன. பிறகு கைபேசி நான்கு சொற்களை வரிசையாகக் காட்ட, அவற்றில் ஒன்றைத் தொடுகிறார். பனியா பணியா என்ற முடிவைக் கைபேசி எடுத்துவிடுகிறது. ஈராண்டு இப்படி எழுதிய மாணவரிடம் காகிதத்தைக் கொடுங்கள், "பணி" என்று எழுதக் கை தயங்கும்.

கேள்வி (சென்னை, மென்பொருள் துறை): மேற்கண்ட பதிலை ஏற்க இயலவில்லை, ஐயா. எந்த முறையில் தட்டினாலும் திரையில் தெரிவது தமிழ் எழுத்துதானே. தமிழ் எழுத்துகளையே நேரடியாகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையைக் கற்கச் சொன்னால் பெரியவர்கள் பாதியில் தமிழையே விட்டுவிடுவார்கள்.

பதில்: உங்கள் இரண்டாவது கருத்தில் உண்மை உண்டு. தமிழ் எழுத்தை முன்பே நன்கறிந்த பெரியவர் எப்படித் தட்டினாலும் அவருக்கு இழப்பில்லை. நான் பேசுவது எழுத்தை இப்போதுதான் கற்கும் மாணவரைப் பற்றி. அவர் திரையில் தமிழைக் காண்கிறார் என்பது சரி. ஆனால் காண்பதும் நினைவிலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல. ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் 2006-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தனர். பட்டியலிலிருந்து சொல்லைத் தொடுபவர் நினைவிலிருந்து எழுத்தை எடுப்பதே இல்லை.

கேள்வி (திருச்சி): பத்து வயதுப் பேரனுக்கு எந்தச் செயலி நல்லது?

பதில்: பெங்களூரு அன்பருக்குச் சொன்ன மூன்று சோதனைகளே இங்கும் பொருந்தும்.

கேள்வி (யாழ்ப்பாணம், கணினி ஆசிரியர்): எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல்லாக்கும் விளையாட்டொன்றை நிரலாக்கினேன். "மொழி" என்ற சொல் நான்கு துண்டாக உடைந்து, கொம்பும் காலும் தனியே அலைகின்றன.

பதில்: நல்ல முயற்சி, தவறு சிறியது. கணினி எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் "மொழி" என்பது மகரம், ஒகரக் குறி, ழகரம், இகரக் குறி என நான்கு குறியீடுகள். படிப்பவருக்கோ அது இரண்டே எழுத்து. நிரல் குறியீட்டை எண்ணாமல் எழுத்தை எண்ண வேண்டும். உயிர்க்குறியும் புள்ளியும் முன்னுள்ள மெய்யுடன் ஒட்டியே நகருமாறு செய்யுங்கள். பைத்தான் நிரல்மொழியில் எழுதுவீர்களாயின், ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் இதற்கான செயற்கூறு ஆயத்தமாக உள்ளது. இதைச் சரிசெய்யாமல் பிள்ளைகளிடம் தராதீர்கள், கொம்பைத் தனி எழுத்தென்று எண்ணிவிடுவார்கள்.

கேள்வி (மெல்போர்ன்): பேச்சை எழுத்தாக்கும் வசதியைக் கொண்டு மாணவர்களின் உச்சரிப்புக்கு மதிப்பெண் இடலாமா? செயற்கை நுண்ணறிவிடம் உரையாடல் எழுதி வாங்கலாமா?

பதில்: மதிப்பெண் இட வேண்டாம். அவ்வகைப் பொறிகள் பெரியவர்களின் இயல்பான பேச்சில் நன்கு தேறினாலும், சிறுவர் குரலிலும் மொழியைப் புதிதாகக் கற்பவர் குரலிலும் அதிகம் பிழை செய்கின்றன. பிழை பொறியுடையது, மதிப்பெண் இழப்பு பிள்ளையுடையது என்றாகிவிடும்.

உரையாடல் எழுதி வாங்கலாம், அதை வரைவாக மட்டும் கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழில் வாங்கும்போது நாம், நாங்கள் என்ற வேறுபாடும், நீ, நீங்கள் என்ற வேறுபாடும் பிறழ்வதைப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தனித்தனிச் சொல் இல்லாததே காரணம். தாத்தாவை "நீ" என்று அழைக்கும் உரையாடலைத் திருத்தாமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி (துபாய்): இலவசமாகக் கிடைக்கும் நல்ல செயலி?

பதில்: மூன்றாம் முறையாக வரும் கேள்வி இது. மேலே விடை உள்ளது.

கேள்வி (பாரிஸ்): என் மகனுக்கு மூன்று வயது ஆகியும் எந்த மொழியிலும் பேச்சு வரவில்லை. தமிழ்ச் செயலி உதவுமா?

பதில்: இது என் துறை அன்று, அம்மா. செயலி எதையும் தேடாமல், இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டிச் செவித்திறன் சோதனையும் பேச்சுப் பயிற்சியாளரின் ஆலோசனையும் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி (சென்னை, மென்பொருள் துறை, மீண்டும்): ஐயா, தாங்கள் காட்டிய ஆய்வு படித்தல் பற்றியது, தட்டச்சு பற்றியதன்று. ஒலிவழித் தட்டச்சு தீங்கு செய்யும் என்பதற்கு நேரடிச் சான்று உண்டா?

பதில்: நியாயமான கேள்வி. மிக நெருங்கிய சான்று சீன மொழியிலிருந்து கிடைக்கிறது. லி ஹாய் தான் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியை ரோமன் எழுத்தில் தட்டும் பின்யின் முறையை அதிகம் பயன்படுத்திய பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் குறைவாக இருந்தது, கையால் எழுதியவர்களின் திறன் கூடுதலாக இருந்தது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதையே அது காட்டுகிறது, ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று அது நிறுவவில்லை. சீன எழுத்து வேறு, நம் எழுத்து வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் என் வகுப்பில் நான் கண்டது இதனோடு ஒத்துப்போகிறது. ஐயம் இருக்கும் இடத்தில், எழுத்தைப் பழகும் பிள்ளையின் பக்கம் நிற்பதே ஆசிரியரின் கடமை என்று கருதுகிறேன்.

கேள்வி (டொராண்டோ ஆசிரியை): அப்படியானால் தட்டச்சே வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும் என்று விட்டுவிடலாமா?

பதில்: முதல் ஆண்டுக்கு அதுவே சரி, அம்மா. எழுத்தின் வடிவம் கை வழியாகவே மனத்தில் பதியட்டும். இரண்டாம் ஆண்டில் தமிழ்99-ஐத் தொடங்குங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட இம்முறை, தமிழ் எழுத்தின் அமைப்பைப் பின்பற்றியே செய்யப்பட்டது. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும் தெரிந்தால் 247 எழுத்தையும் எழுதலாம். ஆப்பிள் கருவிகளில் உள்ளமைந்தே வருகிறது.

முதல் வாரம் நடுவரிசை மட்டும் போதும். இடக்கையில் அ, இ, உ, வலக்கையில் க, ப, ம, த, ந, ய. இவற்றைக் கொண்டே அது, இது, நதி, மதி, புது என்று எழுதலாம். இரண்டாம் வாரம் அ, இ, உ விசைகளுக்கு மேலே உள்ள ஆ, ஈ, ஊ. குறிலின் தலைக்கு மேல் அதன் நெடில் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். பூமி, நீதி, மாமா எல்லாம் வந்துவிடும். மூன்றாம் வாரம் மெய்யை இரட்டித்துத் தட்டச் சொல்லுங்கள். ப, த, த, உ என்று தட்டினால் முதல் தகரத்தின் தலையில் புள்ளி தானே விழுந்து "பத்து" என்று வரும். பிறகு த, ம, ப, இ என்று தட்டி, "தம்பி" வருவதைக் காட்டுங்கள். புள்ளி ஏன் அங்கே தானாக விழுந்தது என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அன்றைக்கு, ம, ப போல இணைந்து வரும் இன எழுத்துகளின் பாடத்தை நடத்துங்கள்.