‘ரகிள்ஸ் ஆஃப் ரெட் கேப்’ பழைய படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

1935-இல் லியோ மெக்கேரி இயக்கிய படம். ஓர் ஆங்கிலப் பிரபு பாரிஸில் சீட்டாட்டத்தில் தன் பணியாளர் ரகிள்ஸையே ஓர் அமெரிக்கரிடம் தோற்றுவிடுகிறார், ரகிள்ஸும் அதிர்ந்துபோனாலும் எதிர்த்துப் பேசத் தெரியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். புது முதலாளியோ பக்கத்தில் உட்காரவைத்துக் குடிக்கச் சொல்கிறார். சமமாக நடத்தினால் கூச்சத்தில் நெளியும் மனிதரை, ரகிள்ஸாக நடிக்கும் சார்லஸ் லாட்டன் எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறார்!

அப்புறம் அந்த மதுக்கடைக் காட்சி. மனிதர் எல்லாரும் சமம் என்று சொல்லும், அமெரிக்க அதிபர் லிங்கனின் புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரை அங்கிருக்கும் அமெரிக்கர் யாருக்கும் நினைவில்லை, இந்த ஆங்கிலேயப் பணியாளர்தான் மெல்லிய குரலில் சொல்லத் தொடங்குகிறார், கடை முழுக்க எழுந்து வந்து சுற்றி நின்று கேட்கிறது. நகைச்சுவைப் படத்தில் இப்படியோர் இடம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. இதற்காகவே பார்க்கலாம்.