கரண்ட் வைக்கிற மெஷினுக்குக் கட்டி இருக்கும் இடம் எப்படித் தெரியும்?

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். மதுரையில் கதிர்வீச்சு சிகிச்சை மெஷினை இயக்குகிறேன். அதைத்தான் நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். நம் கரையோர ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

மண்டபம்: அப்பாவுக்கு வாயில் புற்றுநோய். கரண்ட் வைக்கணும் என்கிறார்கள். கட்டி எங்கே என்று மெஷினே கண்டுபிடிச்சிருமா தம்பி?

இல்லண்ணே. மெஷின் கட்டியைத் தேடாது, நாம் சொன்ன இடத்தில்தான் அடிக்கும். முதலில் சிடி ஸ்கேன். அதில் கட்டியின் எல்லையை டாக்டர் ஒவ்வொரு படத்திலும் வரைவார். எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று பிசிசிஸ்ட், அதாவது மருத்துவ இயற்பியலாளர், கணக்குப் போடுவார். அப்புறம்தான் எங்கள் பாடு. ஸ்கேனில் படுத்த அதே நிலையில் தினமும் அப்பாவைப் படுக்க வைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் இளகுகிற பிளாஸ்டிக் தகட்டை முகத்தில் படிய வைத்து மாஸ்க் செய்வோம். சில நிமிடங்களில் இறுகிவிடும். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் மாஸ்க்கில் போட்ட குறிகளோடு பொருந்த வேண்டும். பிறகு மெஷினிலேயே ஒரு படம் எடுத்து, பழைய ஸ்கேனோடு வைத்துப் பார்த்து, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவோம்.

ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். அப்பா இளைத்தால் மாஸ்க் லூசாகிவிடும். வாய் புண்ணாகி, விழுங்கவே வலிக்கும். அப்போதும் கஞ்சியோ அவித்து மசித்த முட்டையோ, எதையாவது கொடுத்துக்கொண்டே இருங்கள். முடியாவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தொண்டி: வழியில் இருக்கிற நல்ல சதை வெந்துபோகாதா?

மெஷின் சுற்றிச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கும். எல்லாம் ஒன்றுசேரும் இடம் கட்டி. மெஷின் தலைக்குள் டங்ஸ்டன் தகடுகள் வரிசையாக இருக்கும். பல மெஷின்களில் ஒவ்வொன்றும் கட்டி இருக்கும் தூரத்தில் 5 மி.மீ. அகலத்தை மறைக்கும். அவை நகர்ந்து நகர்ந்து கட்டியின் வடிவத்துக்கு வழிவிடும். ஆனாலும் பக்கத்துச் சதைக்கும் கொஞ்சம் போகும். தோல் கறுப்பது அதனால்தான்.

பாம்பன்: அம்மாவுக்கு நுரையீரலில் கட்டி. மூச்சு விட்டால் நகராதா?

நகரும். நங்கூரம் போட்ட வல்லம்கூட அலையில் ஆடத்தானே செய்யும்? எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று ஸ்கேனிலேயே பார்த்து, அந்த இடம் முழுவதையும் சேர்த்துக் குறிப்போம். சிலருக்கு மூச்சை அடக்கச் சொல்லி, அந்த நேரத்தில் மட்டும் அடிப்போம்.

கீழக்கரை: கரண்ட் வைத்துவிட்டு வந்த உம்மா பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?

வெளியிலிருந்து கொடுக்கிற சிகிச்சை என்றால் தாராளமாகத் தூக்கலாம். மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடும். உடம்புக்குள் கதிர்மருந்து வைத்திருந்தால் மட்டும் டாக்டரைக் கேளுங்கள்.

ஏர்வாடி: நெஞ்சில் போட்ட மார்க் கடலில் குளித்தால் அழியுமா?

அழியலாம், உப்புத் தண்ணீர் தோலையும் எரிக்கும். சிகிச்சை முடியும்வரை கடல் குளியல் வேண்டாம் அக்கா. அழிந்துவிட்டால் வீட்டில் பேனாவால் நீங்களே வரையாதீர்கள். அப்படியே வாங்க, படத்தைப் பார்த்துச் சரியான இடத்தில் நாங்கள் போட்டுவிடுவோம்.