அடுப்படி கேள்வி பதில்: ஞாயிற்றுக்கிழமை மூட்டிய தணல்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். மகன் எட்டாம் வகுப்பிலும் மகள் மூன்றாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். டியூஷன் முடிந்து எல்லோரும் வீடு சேர ஏழு மணியாகிவிடுகிறது. ஆசையாக வாங்கிய பார்பிக்யூ அடுப்பு மொட்டை மாடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. பள்ளி நாள்களில் சுட்ட உணவு சமைப்பது நடக்கிற காரியமா?
– வாசகி, அழகாபுரம், சேலம்.

பதில்: கரி மூட்டிச் சமைப்பது வாரநாளில் நடக்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவோம். கரியின் மேல் வெண்சாம்பல் படர்ந்து, சமைக்கத் தக்க பதத்திற்கு வரவே அரை மணி நேரம் ஆகும். அதற்குள் உங்கள் மகள் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை தணல் மூட்டி, அந்த வாசத்தை வியாழன் வரை நீட்டிக்கொள்வதுதான் நான் கண்ட வழி.

மூட்டிய கரியை வீணாக்காமல், சூடு இறங்க இறங்க அதற்கேற்ற பொருளை வைக்க வேண்டும். தணல் கொழுந்துவிடாமல் செந்நிறமாக இருக்கும்போது அன்றைய கோழியைச் சுட்டு அன்றே சாப்பிட்டுவிடுங்கள். அடுத்து கத்திரிக்காய், தக்காளி, சின்ன வெங்காயம் கோத்த கம்பி, முழுப் பூண்டு. கடைசியில், தணல் அடங்கி வரும்போது, சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு ஓரத்தில் புதைத்துவிட்டால், நாற்பது நிமிடத்தில் தானாக வெந்துவிடும்.

கத்திரிக்காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உழவர் சந்தையில் பெரிய காயாக எடுக்கும்போது, கையில் தூக்கினால் அளவுக்குக் கனமில்லாமல் இருப்பதைப் பொறுக்குங்கள். கனமான காயில் விதை அதிகம். எண்ணெய் தடவி, முள்கரண்டியால் நான்கைந்து இடங்களில் குத்திவிடாவிட்டால் அது வெடிக்கும். தோல் கறுத்துச் சுருங்கி, காம்பருகே ஆவி சீறிக்கொண்டு வெளியேறி, காய் தன் எடையிலேயே அமுங்கும் வரை பொறுத்திருங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தால் தோல் தானே கழன்றுவிடும். பலரும் தோலை எளிதாக உரிப்பதற்காகக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறார்கள். கழுவினால் புகை வாசம் முழுவதும் தண்ணீரோடு போய்விடும்.

உரித்த சதையைக் குளிர்பதனப் பெட்டியில் மூடி வைத்தால் மூன்று நாள்கள் தாங்கும். திங்களன்று அதை மத்தால் மசித்துப் புளி, பச்சை மிளகாய் சேர்த்துக் கடைசலாக்கினால் இட்லிக்கு ஆயிற்று. செவ்வாயன்று சுட்ட தக்காளியும் பூண்டும் ரசத்திற்குப் போகும். புதனன்று மீதமுள்ள வெங்காயத்தை உளுத்தம்பருப்போடு அரைத்த துவையலும் சூடான சோறும் போதும். இவற்றில் எதற்கும் இருபது நிமிடத்திற்கு மேல் ஆகாது.

வியாழனுக்குக் கோழி வேண்டுமென்றால், புதன் இரவே அரை கிலோ எலும்பில்லாத தொடைக்கறியை நான்கு கரண்டித் தயிர், ஒரு தேக்கரண்டி உப்பு, இஞ்சி பூண்டு விழுது, தட்டிய மிளகு ஆகியவற்றில் ஊறப்போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மிளகு ஏற்காட்டு மிளகாக இருந்தால் இன்னும் நல்லது. இது என் ஊர்ப் பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கறி கொஞ்சம் கூடுதலாக வெந்தாலே சக்கையாகிவிடும். தொடைக்கறி அந்தத் தவற்றைப் பொறுத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த இரும்பு தோசைக்கல்லில், துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் வாட்டினால் போதும். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் பெரிய துண்டைப் பிளந்து, சதையில் இளஞ்சிவப்பும் சாற்றில் இரத்த நிறமும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு புகை. ஞாயிறன்று மிஞ்சிய கொட்டாங்குச்சிக் கரியில் நெல்லிக்காய் அளவு ஒரு துண்டைக் கம்பி வலையில் வைத்து, கேஸ் அடுப்பில் செக்கச்செவேலெனப் பழுக்க விடுங்கள். கறியின் நடுவே ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, கங்கை அதில் போட்டு, அரைத் தேக்கரண்டி நெய் ஊற்றினால் புகை குபுகுபுவென்று எழும். உடனே மூடி மூன்று நிமிடம் விட்டுத் திறந்துவிட வேண்டும். இந்த மூன்று நிமிடக் கணக்கு எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஒரு முறை தொலைபேசியில் பேசிக்கொண்டே பத்து நிமிடம் மறந்துவிட்டேன். அன்றைய பனீரை ஒரு வாய் வைத்த என் மகன், சாம்பலைத் தின்பதுபோல் இருக்கிறது என்று தட்டை நகர்த்திவிட்டான். கங்கை எடுத்தவுடன் தண்ணீரில் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். மழைக்கால மாலைகளில் வெளியே நிற்க முடிவதில்லை. நன்றாகப் பழுத்துப் புகை அடங்கிய கரியடுப்பை வீட்டுக்குள் வைத்துச் சுடலாமா? தோட்டத்தில் கவாத்து செய்த காபிக் குச்சிகளைப் புகைக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், ஏற்காடு.

பதில்: வீட்டுக்குள் கூடவே கூடாது. புகை அடங்கிவிட்டதால் ஆபத்தும் அடங்கிவிட்டது என்று நினைப்பதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. செந்தணலாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்காக ஜன்னல்களையும் சாத்தியிருப்பீர்கள். திறந்த தாழ்வாரம் இருந்தால் அங்கே வையுங்கள். இல்லையென்றால் அன்றைக்குத் தோசைக்கல்லே போதும்.

காபிக் குச்சி நல்ல விறகுதான். ஆனால் ஈரம் முற்றிலும் வற்றி, ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். ஈர விறகின் புகை உணவில் கசப்பாகப் படியும். பூச்சிமருந்து பூசிய தண்டுகளையும், சாயம் அடித்த மரத்துண்டுகளையும், பிளைவுட்டையும் உணவு அடுப்பின் பக்கமே கொண்டுவராதீர்கள். தைல மரமும் வேண்டாம்; கோழியில் தலைவலித் தைல வாசம்தான் மிஞ்சும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சுடுவதற்கு முன் அரைவேக்காடாக அவிக்கும் உருளைக்கிழங்குக்குச் சேலத்துக் கணக்கு அங்கே பொருந்தாது, குக்கரில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: இரவு சுட்ட கோழியில் மிச்சத்தைக் காலையில் மகனின் டிபன் பாக்ஸில் வைக்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்.

பதில்: வேண்டாம். சமைத்த இறைச்சி சாதாரணமாக இரண்டு மணி நேரத்திற்கு மேலும், 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் வெளியே இருக்கக் கூடாது. ஏழரை மணிக்குக் கட்டிய டப்பா பன்னிரண்டரைக்குத்தான் திறக்கப்படுகிறது. மார்ச் மாதத் தேர்வு நாள்களில் சேலத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வெப்பம் காக்கும் டப்பாவில் முதலில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும்படி மறுபடி சூடாக்கிய கோழியை நிரப்பி உடனே மூடுங்கள். மதியம் திறக்கும்போதும் அது 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எல்லா டப்பாவும் அவ்வளவு தாங்காது. விடுமுறை நாளில் ஒன்றைக் கட்டிவைத்து, ஐந்து மணி நேரம் கழித்து நீங்களே திறந்து பாருங்கள்.

கேள்வி: மரவள்ளிக் கிழங்கை நேரடியாகத் தணலில் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், ஆத்தூர்.

பதில்: உங்கள் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கென்று விளையும் கிழங்கு நிறைய உண்டு என்பதால் இதில் கவனம் வேண்டும். மரவள்ளியில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கசப்பு ரகங்களில் அது அதிகம். ஆலைக்குப் போகும் கிழங்கை வீட்டுக்கு எடுக்காமல், சமையலுக்கென்று விற்கும் கிழங்கையே வாங்குங்கள். தோலைத் தடிமனாகச் சீவி, துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதன் பிறகு கடலை எண்ணெயும் மிளகாய்த்தூளும் தடவிக் கம்பி வலையில் வாட்டினால், ஓரங்கள் மொறுமொறுப்பாகி, பிள்ளைகள் ரேஷன் வைத்துப் பங்கு போடும் அளவுக்கு நன்றாக இருக்கும். வாயில் வைத்ததும் கசந்தால், எத்தனை நேரம் வெந்திருந்தாலும் துப்பிவிடச் சொல்லுங்கள்.