பிரிட்ஜ் கேள்விகள்: ஐபி யாருக்கு?

டன் (TUN, ஐபி பாக்கெட்டை மட்டும் கடத்தும் மென்பொருள் நெட்வொர்க் கார்டு) இன்டர்ஃபேஸை லினக்ஸ் பிரிட்ஜில் (மென்பொருளால் ஆன நெட்வொர்க் சுவிட்ச்) சேர்த்தால் பிழை வருகிறதே?

வரத்தான் செய்யும். டன்னில் ஈதர்நெட் தலைப்பே கிடையாது. மேக் முகவரி (MAC, ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இல்லாததை வைத்துக்கொண்டு பிரிட்ஜ் என்ன செய்யும்? ஈதர்நெட் ஃப்ரேமைக் கடத்தும் டேப் (TAP) உருவாக்குங்கள்.

லேப்டாப் வைஃபையை பிரிட்ஜில் சேர்த்து விஎம்களுக்கு (மெய்நிகர் கணினிகள்) நெட் கொடுக்கலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்குத் தெரிந்தது உங்கள் கார்டின் மேக் ஒன்றுதான். விஎம்மின் மேக்கோடு போகும் ஃப்ரேமை அது ஏற்காது. ஃப்ரேமில் விஎம்மின் மேக்கையும் தனியாகக் கொண்டுபோகும் நான்கு முகவரி முறை என்று ஒன்று உண்டு, ஆனால் கார்டும் ரூட்டரும் ஒத்துவர வேண்டும். பேசாமல் நாட் (NAT, விஎம்கள் லேப்டாப்பின் முகவரியிலேயே வெளியே போகும் முறை) போடுங்கள்.

ஈத்0-வை (eth0, சர்வரின் நெட்வொர்க் கார்டு) பிரிட்ஜில் சேர்த்ததும் சர்வர் தொடர்பு போய்விட்டது. அவசரம்!!!

ஆச்சரியக்குறி மூன்று இருக்கிறது, எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) என்பது மட்டும் இல்லை. மாதம் ஒருவராவது இதையே கேட்கிறார், நானும் இதையே சொல்கிறேன்: ஐபி பிரிட்ஜுக்கு, போர்ட்டுக்கு (பிரிட்ஜில் சேர்த்த இன்டர்ஃபேஸ்) அல்ல. ஈத்0 போர்ட்டாக மாறிய நொடியே அதில் வரும் ஃப்ரேம்களை பிரிட்ஜ் வாங்கிக்கொள்கிறது. ஈத்0-வில் இருக்கும் ஐபி அப்புறம் வெறும் அலங்காரம். ஐபியையும் டிஃபால்ட் ரூட்டையும் பிரிட்ஜுக்கு மாற்றுங்கள். டிஹெச்சிபி (ஐபியைத் தானாக வாங்கும் முறை) என்றால் அதுவும் பிரிட்ஜில்தான் ஓட வேண்டும். பிரிட்ஜின் மேக்கையும் நீங்களே குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் போர்ட்டுகளின் மேக்குகளில் சிறியதை அது எடுத்துக்கொள்ளும், புது டேப் சேரும்போது மாறவும் செய்யும்.

தொலைவிலிருந்து செய்கிறீர்களா? வரிவரியாகத் தட்டாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் போடுங்கள், ஐந்து நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி டைமரும் வையுங்கள். எல்லாம் சரியாக வந்தால் டைமரை நிறுத்திவிட்டு, அதன் பிறகு கான்ஃபிக் கோப்பில் எழுதுங்கள். நானும் ஒருமுறை டைமர் வைக்காமல் செய்து, ராத்திரி பதினோரு மணிக்கு பைக்கில் சர்வர் அறைக்குப் போனவன்தான்.

விஎம் ஏறியதும் அரை நிமிடம் நெட் இல்லை. ஏன்?

எஸ்டிபி (STP), அதாவது நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் தடுக்கும் முறை. புது போர்ட்டை அது உடனே திறக்காது: கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி. வளையம் உண்டாக வழியே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நிறுத்துங்கள். 'தெரியும் என்று நினைக்கிறேன்' போதாது.

டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) போட்ட பிறகு விஎம்கள் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

பிஆர்-நெட்ஃபில்டர் (br_netfilter) என்ற கர்னல் மாட்யூல் ஏறியிருக்கும். அது ஏறினால் பிரிட்ஜுக்குள் ஓடும் பாக்கெட்டும் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) வழியே போகும், அங்கே ஃபார்வர்டை (கடந்துபோகும் பாக்கெட்டுக்கான விதிப்பட்டியல்) டாக்கர் டிராப்பில், அதாவது தடுக்கும்படி, வைத்திருக்கும். நம் விதிகளுக்கென்றே இருக்கும் டாக்கர்-யூசர் செயினில் உங்கள் பிரிட்ஜுக்கு அனுமதி கொடுங்கள்.

நான்கு துறைக்கு நான்கு பிரிட்ஜா?

ஒன்று போதும், விலான் (VLAN, ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் முறை) ஃபில்டரிங்கை இயக்குங்கள். கர்னல் 3.9-லிருந்தே இருக்கிறது. ஐபி எங்கே என்று கேட்கப்போகிறீர்கள். பிரிட்ஜுக்கு மேலே விலான் இன்டர்ஃபேஸ் உருவாக்கி அதில் வையுங்கள். போர்ட்டில் அல்ல!