மில்டனின் காவியத்தில் ஆதாம் கனியை உண்டது ஏமாந்தா, காதலாலா?

ஆதாம் ஏமாறவில்லை, அறிந்தே உண்டான் என்பதுதான் ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் 1667இல் வெளியிட்ட ‘பாரடைஸ் லாஸ்ட்’ (இழந்த சொர்க்கம்) என்னும் காவியம் தரும் விடை. விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் ஏவாள் உண்பதும், கணவனுக்குக் கொடுப்பதும், அவன் புசிப்பதும் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகின்றன. அந்த மௌனத்தையே மில்டன் பெரும் மனப்போராட்டமாக விரிக்கிறார்.

உண்டால் சாவு என்று கடவுள் விலக்கிய கனியைப் பாம்பின் முகத்துதிக்கு இணங்கி உண்ட ஏவாள், புதிய அறிவைத் தனக்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாமா என்று முதலில் எண்ணுகிறாள்; ஆனால் தான் இறந்தால் ஆதாம் வேறொரு ஏவாளை மணந்து வாழ்வானே என்ற நினைவு எழுந்ததும், இன்பமோ துன்பமோ அவனும் அதில் பங்குகொள்ள வேண்டும் எனத் தீர்மானிக்கிறாள். அன்பும் பொறாமையும் பிரிக்க முடியாதபடி கலந்த இந்த இடமே காவியத்தின் மிக நுட்பமான பகுதி என்று நான் கருதுகிறேன்.

அவளுக்காக ஆதாம் தொடுத்திருந்த மாலை, செய்தி கேட்டதும் கையிலிருந்து நழுவ, வாடிய ரோஜாக்கள் உதிர்கின்றன. கடவுள் இன்னொரு ஏவாளைப் படைத்து, அதற்குத் தன் இன்னொரு விலா எலும்பைத் தானே தந்தாலும், இவளை இழந்த துயரம் நெஞ்சை விட்டு நீங்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சாவை எதிர்நோக்கியே அவன் உண்கிறான்.

அப்படியானால் காதலே பாவமா? மில்டன் அப்படிச் சொல்லவில்லை. எட்டாம் காண்டத்தில் ரபேல் என்னும் தேவதூதன் அன்பைப் போற்றி, அறிவை மீறும் மோகத்தை மட்டுமே கண்டிக்கிறான். பத்தாம் காண்டத்தில், தண்டனை முழுவதும் தன்மேல் விழட்டும் என்று ஏவாள் ஆதாமின் காலில் விழுந்து கதறும்போது, அவன் கோபம் தணிந்து இருவரும் மனந்திரும்பத் தொடங்குவதும் அந்த அன்பினால்தான்.