ஆர்டர் இருக்கு, கடன் இல்லை. அப்புறம் எதுக்கு இந்தச் சலிப்பு?

கேள்வி: திருப்பூரில் 18 மெஷின் போட்டுக் குழந்தைகள் உடுப்பு தைக்கும் யூனிட் நடத்துகிறேன். வயது 41. கடன் அடைந்துவிட்டது, ஆர்டரும் வருகிறது. ஆனாலும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ‘எதுக்கு இதெல்லாம்’ என்று இருக்கிறது. தொழிலிலும் வாழ்க்கையிலும் ஒரு நோக்கத்தை எப்படிப் பிடிப்பதுங்க?

பதில்:

தொலைந்தது நோக்கம்தானா என்று முதலில் பார்த்துவிடுங்க. நிறையப் பேருக்குக் குறைவது நோக்கம் இல்லை, தூக்கம். காலை எட்டரையில் இருந்து சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை என்றால் ஒன்றரை. ஒன்றரை முடிந்தால் டெய்லர் வீட்டுக்குப் போய்விடுவார். முதலாளிக்கு அதற்கப்புறம்தான் ஏஜென்ட் போன், கட்டிங் கணக்கு, துணியைச் சுருங்காமல் படியவைக்கும் காம்பாக்டிங்கில் இருந்து துணி எப்போது வரும் என்ற ரோசனை எல்லாம். இப்படியே நாலைந்து வருஷம் ஓடினால் எந்த வேலையும் கசக்கத்தான் செய்யும். தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, ஹீமோகுளோபின், பி12, நாலையும் ஒருமுறை சோதித்துப் பாருங்க. எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, தமிழிலேயே பேசலாம், காசில்லை.

இன்னொன்று, தீராத கணக்கு. மச்சான் பங்குதாரராக இருந்து, மூன்று வருஷமாக யாருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளாமல் விட்டிருந்தால், அந்தக் கசப்பும் தொழில் அலுத்துப்போன மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும். ஆடிட்டரைக் கூப்பிட்டு அதை முடித்துவிட்டு மேலே படியுங்க.

இந்த இரண்டும் இல்லையென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. கணக்கு நான்கு வாரம். பதினோரு மணி டீ வரும்போதும் நான்கு மணி டீ வரும்போதும் இரண்டிரண்டு வரி எழுதினால் போதும். கடைசியாக என்ன செய்தேன், அது யாருக்கு உதவியது, செய்த பிறகு உடம்பு லேசானதா கனத்ததா. இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் ஞாபகத்தில் இருந்து எழுதினால் பெரிய சங்கதிகள் மட்டும்தான் நோட்டில் ஏறும், அதனால் பலனில்லை. ‘நிர்வாகம் பார்த்தேன்’ என்று எழுதுவதும் வீண். ‘கழுத்துப் பட்டி (ரிப்) நெளிந்துபோன 11 பீஸைப் பிரிக்கச் சொல்லிக் கூடவே நின்றேன்’ என்று எழுதினால்தான் பிறகு படிக்கும்போது ஏதாவது புரியும்.

நான்கு வாரம் முடிந்ததும் எது பிடித்தது என்று தேட வேண்டாம், அது மனநிலைக்குத் தக்கபடி மாறும். யாரும் கேட்காமல், யாரும் காசு தராமல், நீங்களாகவே வாரத்துக்கு இரண்டு தரமாவது செய்த வேலை எது என்று பாருங்க. ஒருவர் நோட்டில் புதுசாக வந்த பிசிர் வெட்டும் பெண்ணுக்கு ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடிக்கச் சொல்லிக்கொடுத்தது திரும்பத் திரும்ப வரும். இன்னொருவர் நோட்டில் வெட்டுத்துணி மிச்சத்தைக் குறைக்க மார்க்கரை, அதாவது துணிமேல் வெட்டு அளவுகளை அடுக்கும் வரைபடத்தை, மாற்றி மாற்றிப் போட்டது வரும். நூல் பிடித்துப் போக வேண்டிய முனை அதுதான்.

இதற்கு இடையில் ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் நோக்கம் என்று பலர் வைத்திருப்பது பங்காளி வீட்டில் இருந்து இரவல் வாங்கினது. அவன் அவிநாசி ரோட்டில் இடம் வாங்கினான், இவன் காங்கேயம் பக்கம் தோட்டம் வாங்கினான், நாமும் ஒன்று முடிக்க வேண்டும் என்பது. இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். ஊரில் யாருக்குமே தெரியாது, கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லவும் முடியாது என்றால் அதை அப்போதும் செய்வீர்களா? இல்லை என்று வந்தால் அது நோக்கம் இல்லை, மொய் மாதிரி ஒரு வரவு செலவு. தோட்டம் வாங்குவது தப்பில்லை. அதனால் இந்தக் காலைநேரச் சலிப்பு போகும் என்று நம்பித் தொகையைப் போடாதீங்க.

அடுத்தது ‘போதும்’ என்கிற எண். இது இல்லாதவருக்கு எந்த நோக்கமும் காசுக்கு எதிரியாகத்தான் தெரியும். வீட்டுச்செலவு மாதம் 60,000 என்றால் வருஷத்துக்கு 7,20,000. பள்ளிக்கூடம் 2,00,000. மொய், சீர், நோம்பி எல்லாம் சேர்த்து 1,00,000. காப்பீடு 60,000. ஆகமொத்தம் 10,80,000. உங்கள் எண் வேறாக இருக்கும், ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். இதோடு யூனிட்டுக்கென்று தனியாக ஒரு கையிருப்பு. 30 பேர், வாரம் 6 ஷிப்ட், சராசரி 500 ரூபாய் என்று வைத்தால் சனிக்கிழமைச் சம்பளம் 90,000. ஆறு வாரத்துக்கு 5,40,000. ஏன் ஆறு வாரம் என்றால், உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவுள்ள சிறு யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சிறுதொழில்களுக்கான 2006 சட்டம் சொல்கிறது, பணம் அதற்கு முன்னால் வருவது அபூர்வம். கெடு தாண்டியும் கொடுக்காத கம்பெனி அந்தச் செலவை அந்த வருஷ வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் வந்தபிறகு கேட்டு வாங்கக் கொஞ்சம் தெம்பு கிடைத்திருக்கிறது. இருந்தாலும் கையிருப்பு இல்லாமல் நோக்கம் பேசினால், முதல் தடவை பேமெண்ட் நின்றதுமே அது காற்றில் போய்விடும்.

இப்போது நோட்டில் பிடித்த முனையை ஒரே வாக்கியமாக எழுதணும். அதில் நாலு சங்கதி இருக்கணும்: யாருக்கு, என்ன, எதை வைத்து அளப்பது, எதைச் செய்ய மாட்டேன். கடைசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். ‘தரமான உடுப்பு தருவேன்’ என்பது காலண்டரில் அச்சடிக்கும் வாசகம். ‘என் யூனிட்டில் தைத்த உடுப்பில் ஊசி முனை ஒன்றுகூட ஒரு குழந்தையின் உடம்பில் படக் கூடாது; உள்ளூர் மொத்தச் சந்தையான காதர்பேட்டைக்குப் போகிற பீஸுக்கும் எக்ஸ்போர்ட் பீஸுக்கும் ஒரே விதி’ என்று எழுதினால் நாளைக் காலையிலேயே வேலை ஆரம்பித்துவிடும்.

என்ன வேலை என்று சொல்கிறேன், ஏனென்றால் நோக்கம் என்பது தரையில் இப்படித்தான் இருக்கும். ஊசி எல்லாம் ஒருத்தர் கையில், பூட்டின டப்பாவில். சிங்கர் என்று நாம் சொல்லும் ஒற்றை ஊசி மெஷினுக்கு டிபி 1 ஊசி, ஓவர்லாக்குக்கு டிசி 27, பின்னல் துணி என்பதால் முனை மழுங்கின பால்பாயின்ட் வகை. பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதுசு. ஊசி உடைந்தால் அந்த மெஷின் நிற்க வேண்டும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, பதிவேட்டில் தேதி, மெஷின் எண், டெய்லர் பெயரோடு டேப் போட்டு ஒட்டணும், சேர்த்து வைத்தால் முழு ஊசி தெரியணும். முனை கிடைக்கவில்லையா, காந்தத்தை எடுத்து மேசை, தரை, ஆயில் தட்டு எல்லாம் தேடணும். அப்போதும் இல்லையென்றால் அந்த பண்டில் முழுவதையும் சிவப்புக் கூடையில் தனியே வைத்து, ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டுப் பார்க்கணும். அந்த மெஷின் சரியாக இருக்கிறதா என்பதையே தினமும் ஆரம்பத்தில் சிறு இரும்புத்துணுக்கு பதித்த சோதனை அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். சொந்த மெஷின் இல்லாதவர்கள் பேக்கிங் செய்யும் கம்பெனியில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் எங்கே சறுக்கும் தெரியுங்களா? ஊசி உடைத்தால் அபராதம் என்று ஒரு முதலாளி போர்டு மாட்டுவார். மறுநாளில் இருந்து பதிவேடு சுத்தமாக இருக்கும், முனை மட்டும் துணிக்குள் இருக்கும். டெய்லர் உடைந்ததை மறைத்து, சட்டைப் பையில் வைத்திருக்கும் ஊசியை மாட்டிக்கொண்டு தைப்பார். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு மெஷின் நிற்கிற கால்மணி நேரம் கைக்காசு நஷ்டம். அதனால் அந்தக் கால்மணி நேரத்துக்குரிய பீஸ்களைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுங்க. முதல் மாதம் பதிவேட்டில் உடைந்த ஊசி எண்ணிக்கை ஏறும். பயப்படாதீங்க, இதுவரை மறைந்தது இப்போது வெளியே வருகிறது, அவ்வளவுதான். இரண்டாவது மாதம் எந்த மெஷினில் அடிக்கடி உடைகிறது என்று தெரியும், பெரும்பாலும் தடித்த தையல் சேருமிடத்தில் துணியைப் பிடித்து இழுப்பதாலோ, மெஷினில் ஊசியும் கொக்கியும் சேரும் டைமிங் தப்பினதாலோதான் உடையும். நோக்கம் எங்கே நிஜமாகிறது என்று கேட்டால், அந்தக் கால்மணி நேரச் சம்பளத்தில் என்று சொல்லலாம்.

‘செய்ய மாட்டேன்’ என்பதற்கு இன்னொரு உதாரணம். ஈஎன் 14682 என்ற ஐரோப்பியத் தரம், சின்னக் குழந்தைகளின் உடுப்பில் தலைமூடியிலும் கழுத்திலும் இழுகயிறு வைக்கக் கூடாது என்கிறது. கழுத்தில் சுருக்கிக்கொள்ளும் என்பதுதான் காரணம். எக்ஸ்போர்ட்டுக்கு இதை மதிக்கிறவர்களே உள்ளூர் சரக்கு என்றால் அழகுக்குக் கயிறு கோத்துவிடுவார்கள். வேண்டாம் என்று மறுத்தால் வருஷத்தில் எத்தனை ஆர்டர் போகும், எவ்வளவு லாபம் குறையும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்க. அந்தத் தொகை ‘போதும்’ எண்ணுக்கு மேலே இருக்கிற உபரிக்குள் அடங்கினால் தைரியமாக மறுக்கலாம். அடங்காவிட்டால் வாக்கியத்தைச் சுருக்குங்க. கைக்குழந்தை உடுப்புக்கு மட்டும் என்று தொடங்கினாலும் நோக்கம்தான்.

கோவை பாப்பநாயக்கன்புதூர் அருணாசலம் முருகானந்தத்தை எல்லாருக்கும் தெரியும், 2016-ல் பத்மஸ்ரீ வாங்கினவர். குறைந்த விலை நாப்கின் இயந்திரம் செய்ததைத்தான் பேசுவார்கள். அதைப் பெரிய கம்பெனிகளிடம் கொடுக்காமல் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கு என்று வைத்துக்கொண்டதுதான் என் கணக்கில் கெட்டியான பகுதி. யாருக்கு விற்பதில்லை என்று தெளிவாக இருந்தால் மெஷின் எவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பீளமேட்டு பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926-ல் உருவானது. பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவுக்குப் பிள்ளைகள் நான்கு பேர், சொத்து ஐந்து பங்கு, ஐந்தாவது அறத்துக்கு என்பது கோவையில் ஊரறிந்த சங்கதி. மிஞ்சினதைக் கொடுக்காமல் பங்காகவே எழுதி வைத்ததைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் பார்க்க வெளியே போக வேண்டாம். திருப்பூர்ச் சாயத்தண்ணீர் நொய்யல் ஆற்றில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கினதை ஊரே வருஷக்கணக்கில் பார்க்காத மாதிரி இருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறி, தண்ணீரைத் திருப்பி எடுத்துத்தான் தொழில் நடக்கிறது. உங்கள் யூனிட்டில் நீங்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டு கடந்துபோகிற மூலை எது? பெண்கள் கழிப்பறையா, ஒடிசா பையன்கள் தங்கியிருக்கும் அறையா? நோட்டில் முனை எதுவும் சிக்காதவர்கள் அங்கே தேடலாம்.

வாக்கியம் கிடைத்ததும் பதின்மூன்று வாரம் சோதனை ஓட்டம். அதில் எழுதின வேலைக்கு வாரம் மூன்று மணி நேரம், புதன்கிழமை காலை நல்லது. சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு எதுவும் நடக்காது. லாபத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய், அதற்கு மேல் வேண்டாம். கூட ஒரே ஒரு ஆள், அது செக்கிங் அக்காவாக இருந்தால் விசேஷம். தீபாவளி போனசுக்கு முந்தின மாதம் தொடங்காதீங்க, ஆளும் இருக்காது, காசும் இருக்காது. பேனர் அடிக்காதீங்க. அறக்கட்டளை பதிவு, நன்கொடைக்கு வரிச்சலுகை வாங்குவது எல்லாம் ஒரு வருஷம் போகட்டும். முதலிலேயே பதிவு செய்தவர்கள் வேலையை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்குத் தாக்கல் செய்துகொண்டிருப்பார்கள்.

தொழிலில் கிடைக்கும் நோக்கமே வாழ்க்கை முழுவதற்கும் போதுமா என்றால், போத வேண்டிய அவசியமே இல்லை. சிலருக்கு யூனிட் சோறு போடும், மனசு வேறிடத்தில் நிறையும். கோவைப் பக்கத்து பத்ரப்பன் வள்ளி கும்மி என்கிற நம் ஊர் ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தே 2024-ல் பத்மஸ்ரீ வரை போனார். அப்படியென்றால் யூனிட்டை நேர்மையாக, ஒரு ஷிப்டில் முடிகிற அளவுக்குச் சுருக்கிக்கொண்டு சாயங்காலத்தைக் காப்பாற்றுவதே உங்கள் வேலையாக இருக்கலாம்.

பதின்மூன்று வாரம் கழித்து நோட்டைத் திறங்க. பதின்மூன்று புதன்கிழமைகளில் குறைந்தது பத்து நடந்திருந்தால் தொடரலாம். ஐந்துக்குக் கீழே என்றால் வாக்கியம் இரவல் வாங்கினது, வேறு எழுதுங்க. நடுவில் நின்றால் நேரத்தையும் ஆளையும் மாற்றி இன்னொரு பதின்மூன்று வாரம். நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க, சம்பளக் கவர் போடுகிற மேசை டிராயரிலேயே இருக்கட்டும்.