வீட்டில் முதல் பீர்: புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, பார்லியிலிருந்தே தொடங்கணுமா, மால்ட் எக்ஸ்ட்ராக்ட் போதுமா?

பதில்: எக்ஸ்ட்ராக்ட் போதும், அது முளைகட்டிய பார்லியிலிருந்து (மால்ட்) எடுத்துச் சுண்டவைத்த சர்க்கரைப் பாகு அல்லது பொடி. முளைகட்டிய பார்லியை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலையை அதைத் தயாரித்தவர்களே முடித்திருப்பார்கள். முதல் தடவை உங்கள் கவனமெல்லாம் சுத்தத்திலும் ஈஸ்ட்டிலும் இருக்கட்டும். வீட்டில் பீர் காய்ச்ச உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பாத்திரங்களை சோப்பு போட்டுக் கழுவினால் போதாதா? சானிடைசர் எதற்கு?

பதில்: கழுவுவது அழுக்கைப் போக்கும், சானிடைசர் கிருமிகளை ஒடுக்கும். இரண்டும் வேண்டும், கழுவுவது முதலில். கொதிக்கும் வரை பயமில்லை. கொதித்து ஆறிய மால்ட் கரைசலைத் தொடும் ஒவ்வொன்றும், கரண்டி, குழாய், மூடி, ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல் வரை, சானிடைசரில் நனைந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் பாக்டீரியா ஒளிந்துகொண்டால் சானிடைசர் அங்கே சரியாக எட்டாது.

கேள்வி: சார், எனக்கு லாகர்தான் பிடிக்கும். அதையே முதலில் செய்யலாமா?

பதில்: லாகர் என்பது குளிரில் நொதிக்கும் பீர் வகை, அதன் ஈஸ்ட்டுக்கு 10 முதல் 13 டிகிரி குளிர் நாள்கணக்கில் மாறாமல் வேண்டும். பிறகு வாரக்கணக்கில் இன்னும் குளிரில் வைக்கவேண்டும். அதற்கென்று தனி ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் ஏல் (லாகரைவிட அதிக வெப்பத்தில் நொதிக்கும் பீர் வகை) செய்யுங்கள், 18 முதல் 21 டிகிரி போதும். ஆனால் அறையின் வெப்பத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டை வெளியிடுவதால் வாளிக்குள் சில டிகிரி கூடுதலாக இருக்கும். சூடு ஏறினால் நெயில்பாலிஷ் போன்ற வாடை வரும், அதைப் பின்னால் எடுக்கவே முடியாது. பெரிய தொட்டியில் தண்ணீர் ஊற்றி வாளியை அதில் நிறுத்தி, ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் மூன்று நாள் இதைக் கவனித்தாலே பீரின் தரம் பெருமளவு உயர்ந்துவிடும். புதியவர்கள் விலையுயர்ந்த ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தேடுவதைவிட இதற்கு மெனக்கெடுவதுதான் நல்லது என்பேன்.

கேள்வி: மூன்றாம் நாளே ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக்குழாய்) குமிழி நின்றுவிட்டது. பாட்டிலில் அடைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் குமிழி வராது, நொதித்தல் முடிந்த பிறகும் கரைந்த வாயு வெளியேறிக் குமிழி வரலாம். கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை நம்புங்கள், சர்க்கரை குறையக் குறைய அதன் அளவு இறங்கும். தொடக்கத்தில் 1.050 காட்டியது 1.010 அருகே இறங்கி, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பார்த்தாலும் அதே அளவில் நின்றால் முடிந்தது என்று பொருள். வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், இங்கே சுமார் 5.2.

அவசரப்பட்டு அடைத்தால் மிச்சமிருக்கும் சர்க்கரையும் பாட்டிலுக்குள்ளேயே நொதித்து, அழுத்தம் தாங்காமல் கண்ணாடி வெடிக்கும். கண், கை போகிற விஷயம் இது. அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரையையும் தராசில் நிறுத்துப் போடுங்கள், லிட்டருக்கு 6 கிராம் அளவு. கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மொத்தப் பீரிலும் மெதுவாகக் கலந்த பிறகே பாட்டிலில் நிரப்புங்கள். பாட்டில் பீருக்கென்றே செய்த தடித்த கண்ணாடியாக இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் செய்தால் மெத்தனால் விஷமாகும் என்று அம்மா பயப்படுகிறார்கள்.

பதில்: அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது சாராயத்தைப் பற்றியது. மால்ட்டை ஈஸ்ட் நொதிக்கும்போது ஆபத்தான அளவு மெத்தனால் உருவாவதில்லை. காய்ச்சி வடிப்பது வேறு விஷயம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: ஒரு வாரமாகிறது. பச்சை ஆப்பிள் வாசம் வருகிறது. கொட்டிவிடவா?

பதில்: கொட்டாதீர்கள்! அது அசிட்டால்டிஹைடு, நொதித்தலின் நடுவே ஈஸ்ட் உருவாக்கும் பொருள். ஈஸ்ட் வேலையை இன்னும் முடிக்கவில்லை, அவ்வளவுதான். மூடியைத் திறக்காமல் இன்னும் ஒரு வாரம் விடுங்கள், ஈஸ்ட்டே அதை ஆல்கஹாலாக மாற்றிவிடும்.

கேள்வி: வெள்ளைக் கண்ணாடி பாட்டில் பரவாயில்லையா?

பதில்: பழுப்பே நல்லது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து நாற்றமடிக்கும். வெள்ளைப் பாட்டில்தான் இருக்கிறதென்றால் அட்டைப்பெட்டியில் போட்டு மூடி இருட்டில் வையுங்கள்.